ஆன்டிவைரஸ் வாங்கினால் கணினி வேகமாகுமா?

கேள்வி: நாங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். எங்களிடம் 2016-இல் வாங்கிய மேசைக் கணினி, விண்டோஸ் 10. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ போட்டுக் குடித்து முடித்த பிறகுதான் அதில் எதையும் திறக்க முடிகிறது. இலவச ஆன்டிவைரஸ் ஒன்று இருக்கிறது; கடைக்காரர் போட்டுக்கொடுத்த இன்னொன்றும் இருக்கிறது. "வைரஸ்தான் காரணம், மூன்று வருடப் பாதுகாப்புப் பேக்கேஜ் வாங்குங்கள்" என்கிறார் அவர். இதற்கிடையில் திங்கட்கிழமை ஒரு பெண் போன் செய்து, மாதம் 199 ராண்டுக்குப் பாதுகாப்புத் திட்டம் என்றார். என் கணவர் சரி என்று சொல்லி வங்கி விவரத்தையும் கொடுத்துவிட்டார். எதை வாங்குவது? அந்தத் திட்டத்தை விட்டு வெளியே வர முடியுமா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு நாள் கணக்கு இருப்பதால் அதற்கு உங்களுக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள்: எனிடெஸ்க், டீம்வியூவர் போல, தூரத்திலிருந்தே கணினியை இயக்கவிடும் மென்பொருள் ஏதாவது போடச் சொல்லி, அந்தப் பெண் கணினித் திரையைப் பார்த்தாரா? பார்த்திருந்தால் இணைய வயரைக் கழற்றிவிட்டு, வங்கி அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணை உடனே அழையுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். கணவரைக் கோபிக்க வேண்டாம். நிதானமாகப் பேசி நம்ப வைப்பதுதான் இந்த மோசடிக்காரர்களின் தொழில்.

வெறும் விற்பனை அழைப்புதான் என்றால் சட்டம் உங்கள் பக்கம். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 16-ஆம் பிரிவின்படி, விற்பவரே அழைத்துத் தலையில் கட்டியதை 5 வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமல், அபராதமும் இல்லாமல் ரத்து செய்யலாம். திங்களன்று சரி என்றவருக்கு, நடுவில் பொது விடுமுறை இல்லாவிட்டால், அடுத்த திங்கள் வரை நேரம் உண்டு. வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதி, அனுப்பிய நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணம் எடுத்திருந்தால் உங்கள் கடிதம் கிடைத்த 15 வேலை நாட்களில் திருப்பித் தர வேண்டும். நாள் தவறிப்போனவர்கள், அது குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தமாக இருந்தால், 14-ஆம் பிரிவின்படி 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். நியாயமான ரத்துக் கட்டணம் கேட்கக்கூடும். வங்கியில் டெபிட் ஆர்டரை (மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை) மட்டும் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கும், பாக்கி என்று சொல்லி உங்களைத் துரத்துவார்கள்.

இனி கணினி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கணினியில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டிஸ்க்' என்ற பத்தியைக் கவனியுங்கள். நீங்கள் ஒன்றுமே செய்யாதபோதும் அங்கே 100 சதவீதம் என்று நின்றால் விடை கிடைத்துவிட்டது: திணறுவது டிஸ்க்தான். மெரிபேங்க்கில் என் அக்கா வீட்டுக் கணினியிலும் இதைத்தான் பார்த்தேன். 100 என்று காட்டியது, ஆனால் உண்மையில் படித்த அளவு வினாடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான். பெட்டியில் காதை வைத்தால் உள்ளே கரகரவென்ற சத்தம் ஓயவே இல்லை.

கோப்புகளைச் சேமித்து வைக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு மெல்லிய கை அங்கும் இங்கும் ஓடிப் படிக்கும். நீங்கள் ஒரு கடிதத்தைத் திறந்தால் அதை முதல் ஆன்டிவைரஸ் படிக்க வேண்டும், இரண்டாவதும் படிக்க வேண்டும், அதே நேரத்தில் விண்டோஸும் தன் அப்டேட்டைத் தேடும். ஒரே கை எத்தனை பேருக்கு ஓடும்? இதற்கு மேல் மூன்றாவதாக ஒன்றை வாங்கிப் போட்டால் இன்னும் மோசமாகும். ஆகவே இருக்கிற இரண்டையும் நீக்கிவிட்டு, கணினியை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸோடு வந்த டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் தானாகவே வேலையை எடுத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பக்கத்துக்குப் போய், அவசியமில்லாதவற்றை நிறுத்துங்கள்.

உண்மையான மருந்து, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி. அதில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் கையும் இல்லை. பேக்கேஜுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள். ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) 4 ஜிபி மட்டும் இருந்தால் 8 ஆக்குங்கள். ஆனால் வேறு எதற்கும் முன்னால் படங்களையும் பாட நோட்டுகளையும் நகலெடுத்து வையுங்கள். லோட் ஷெடிங் (மின்வெட்டு) காலத்தில் திடீர் திடீரென நின்ற கணினி என்றால் டிஸ்க்கில் கோப்புகள் சிதைந்திருக்கலாம். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் நாளை என்று தள்ளிப்போடவே கூடாது.

கடையில் மாற்றும்போது மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பாகத்துக்கும் கூலிக்கும் சட்டப்படி 3 மாத உத்தரவாதம் உண்டு. பழைய டிஸ்க்கை நீங்களாக வேண்டாம் என்று சொன்னால் தவிர, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 67-ஆம் பிரிவு சொல்கிறது. குடும்பப் படங்களும் வங்கிக் கடிதங்களும் அதில்தான் இருக்கின்றன; கேட்டு வாங்குங்கள். பெட்டியைத் திறக்கும்போதே தூசியையும் ஊதச் சொல்லுங்கள். அக்கா வீட்டில் கணினி சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சாம்பிராணிப் புகையும் பஞ்சும் சேர்ந்து, விசிறியில் கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. அந்தச் சூட்டிலும் வேகம் குறையும்.

பாதுகாப்பு மென்பொருளைப் பொறுத்தவரை, காசு கொடுத்து வாங்கும் தேவை உங்கள் வீட்டுக்கு இல்லை என்பதே என் தீர்மானமான கருத்து. பேரப்பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு வைக்க வேண்டும், நாலைந்து கருவிகள் இருக்கின்றன என்பவர்கள் வாங்கலாம். வாங்குவதற்கு முன் ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் நிறுவனங்களின் முடிவுகளைப் பாருங்கள். எந்த மென்பொருள் கணினியை எவ்வளவு மெதுவாக்குகிறது என்பதையும் அவர்கள் வெளியிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டின் கட்டணத்தையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதல் ஆண்டுத் தள்ளுபடி அதோடு போய்விடும். இலவசம் என்றாலும் கவனம் வேண்டும்: பயனர்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற தகவலை விற்றதற்காக 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்டவைத்தது.

பேக்கேஜைவிட உங்களுக்கு முக்கியமானது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து, அமைப்புகளை அதோடு இணைத்துப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாகவே வரும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்வதற்கான இணைப்பைத் தேடுங்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சில்லு (ப்ராசஸர்) வேண்டும். 2016 கணினியில் அது இருக்காது. அந்தத் தேதிக்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், தமிழில் தட்டச்சும் செய்யலாம். புதுக் கணினி வாங்கினாலும் எஸ்.எஸ்.டி. வீணாகாது, ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டால் படங்களைச் சேமிக்க உதவும்.