புனித கத்பர்ட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஏழாம் நூற்றாண்டு, வட இங்கிலாந்து. முதலில் துறவி, பிறகு தீவில் தனித்துறவி, கடைசியில் ஆயர். கேள்விகளுக்கு வருவோம்.

கே: உலகின் முதல் வாத்துப் பாதுகாப்புச் சட்டம் போட்டவர் இவர்தானே ஐயா?

எய்டர் என்ற கடல் வாத்துக்கு வட இங்கிலாந்துக் கரையில் இவர் பெயர்தான். ஆனால் அடுத்த நூற்றாண்டில் பீட் என்ற துறவி எழுதிய இவரது வாழ்க்கை வரலாற்றில் சட்டம் எதுவும் இல்லை. எதைப் படித்தாலும் முதலில் யார், எப்போது எழுதியது என்று பாருங்கள்.

கே: 676இல் போட்டார் என்று எல்லாரும் எழுதுகிறார்களே?

676இல்தான் ஃபார்ன் தீவுக்குத் தனியாகப் போனார். சட்டம் போடும் அதிகாரம் தனித்துறவிக்கு ஏது? பீட் சொல்லும் பறவைக் கதை வேறு. தீவில் கோதுமை முளைக்கவில்லை, பார்லி விளைந்தது. அதைத் தின்ன வந்த பறவைகளிடம், நீங்கள் விதைக்காததை ஏன் தொடுகிறீர்கள் என்று கேட்டார். இறைவன் அனுமதி தந்திருந்தால் தின்னுங்கள், இல்லாவிட்டால் போய்விடுங்கள் என்றார். அவை போய்விட்டன.

கே: அப்படியானால் வாத்துக் கதை பொய்யா?

பொய் என்று நான் சொல்லவில்லை. 12ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் டர்ஹாம் நகரத் துறவி ரெஜினால்டின் எழுத்தில் அந்த வாத்துகள் வருகின்றன. அது டர்ஹாம் மக்களின் பக்தி. அதை அந்த நூற்றாண்டின் கணக்கில் வையுங்கள்.

கே: ஆயர் பதவியை விரும்பினாரா?

இல்லை. 684இல் தேர்ந்தெடுத்தார்கள். ஆள் அனுப்பியும் வராததால் மன்னர் எக்ஃபிரித்தே படகேறிப் போனார். கத்பர்ட் கண்ணீரோடுதான் தீவை விட்டு வந்தார். 685 மார்ச் 26, யார்க்கில் ஆயராகத் திருநிலைப்பாடு. இரண்டே ஆண்டில் மறுபடி ஃபார்ன்.

கே: நவநாள் ஜெபம் கிடைக்குமா?

பங்குத்தந்தையைக் கேளுங்கள்.

கே: வாத்துச் சட்டம் எந்த ஆண்டு?

மேலே மூன்று பதில் இருக்கிறது. தயவுசெய்து படியுங்கள்.

கே: உடல் அழியவில்லை என்பது?

698இல் கல்லறையைத் திறந்தபோது உடல் அப்படியே இருந்தது என்கிறார் பீட். 1104இல் பேழையை மறுபடி திறந்தபோது உள்ளே யோவான் நற்செய்திச் சுவடி ஒன்று கிடைத்தது. அதை 2012இல் பிரிட்டிஷ் நூலகம் 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

கே: கடைசி நாட்கள்?

என்னை உலுக்கும் பகுதி இதுதான். புயலால் ஐந்து நாள் யாரும் தீவுக்குப் போக முடியவில்லை. மடத்தலைவர் ஹெரெஃபிரித் போய்ச் சேர்ந்தபோது கத்பர்ட்டிடம் இருந்தவை ஐந்து வெங்காயம். அதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் கடித்திருந்தார். 687 மார்ச் 20 இறந்தார். அந்தச் செய்தியைத் தெரிவிக்க ஒரு துறவி கைக்கு ஒன்றாக இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி மேட்டில் நின்றார். கடலுக்கு அப்பால் அவருடைய மடம் இருந்த லின்டிஸ்பார்ன் தீவின் காவல் கோபுரத்தில் இருந்தவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கோயிலுக்கு ஓடினார்.