குண்டின் ஆற்றல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

துப்பாக்கிக் குழலை விட்டுக் கிளம்பும்போது குண்டுக்கு இருக்கும் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9 மி.மீ. குண்டு, நிறை 8 கிராம், வேகம் நொடிக்கு 350 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 4,90,000 ஜூல் வருகிறது! இன்னொரு சூத்திரப்படி குண்டின் நிறையான 124 கிரெயினை (கிரெயின் ஒரு சிறு எடை அலகு), நொடிக்கு 1,148 அடி என்ற வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4,50,240 ஆல் வகுத்தேன். 363 வந்தது. எது சரி? அந்த 4,50,240 எங்கிருந்து வந்தது? வேகம் அளக்கும் கருவி இல்லாமல், ஏர் ரைபிளை வைத்து மாணவர்களுக்கு இதைச் செய்து காட்ட முடியுமா?

கே.

அன்புள்ள கே.,

கிராமைக் கிலோகிராமாக மாற்றாமல் விட்டுவிட்டீர்கள். 0.008 என்று போட்டால் 490 ஜூல். 363 என்பது அடி-பவுண்டு என்ற ஆற்றல் அலகில் வந்த விடை, 1.356 ஆல் பெருக்குங்கள், 492 ஜூல் வரும். மிச்சம் 2 ஜூல் எங்கே? ஒரு கிரெயின் 0.0648 கிராம் என்பதால் 124 கிரெயின் 8.035 கிராம். அதை 8 என்று வெட்டியதில் போனது அந்த 2.

ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். பவுண்டை நிறையாக்க, அடிக்கணக்கில் 32.16 என்ற புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுக்க வேண்டும். ‘பாதி’க்கு ஒரு 2. மூன்றையும் பெருக்கினால் 4,50,240. சிலர் 32.174 எடுத்து 4,50,436 என்பார்கள். வித்தியாசம் 0.04 சதவீதம்தான், அதற்குப் போய்ச் சண்டை போடுகிறவர்களும் உண்டு.

உண்மையான பிழை வேகத்தில்தான் நுழைகிறது. வேகம் வர்க்கமாவதால் அதில் 2 சதவீதம் பிசகினால் ஆற்றலில் 4 சதவீதம் பிசகும். தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் தயாரிப்பாளரின் சோதனைக் குழலில் எடுத்தது. உங்கள் குழல் அதைவிடக் குட்டை என்றால் பொதுவாக வேகமும் குறையும். வேகம் அளக்கும் கருவியான குரோனோகிராஃபையும் குழல்வாயை ஒட்டி வைக்க முடியாது, வெடிவாயு அதன் உணரிகளை ஏமாற்றிவிடும். சில மீட்டர் தள்ளி வைப்பதால் அது காட்டும் வேகம் சற்றுக் குறைவாகவே இருக்கும். நிறையில் நடக்கும் தவறு வேறு: முழுத் தோட்டாவையும் தராசில் வைத்துவிடுவது. உறையும் மருந்தும் கணக்கில் சேராது, பறக்கும் குண்டு மட்டுமே.

செய்து காட்ட ஊசல் போதும். ஆங்கிலக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் எழுதிவைத்த முறை அது. களிமண் நிரப்பிய கட்டையை, மொத்தம் 500 கிராம், நான்கு நூல்களில் தொங்கவிடுங்கள். ஒரே நூல் என்றால் கட்டை முறுக்கிக்கொள்ளும். நூலின் நீளம் 1 மீட்டர். பெல்லட் (ஏர் ரைபிளின் சிறு குண்டு) ஒன்றைத் தனியாக எடை போடாதீர்கள், நூறை எடை போட்டு நூறால் வகுங்கள். அரை கிராம் பெல்லட் நொடிக்கு 170 மீட்டரில் வந்து புதைந்தால் கட்டை நொடிக்கு 17 செ.மீ. வேகத்தில் கிளம்பும்.

பலரும் சறுக்கும் இடம் இது: கட்டை மேலேறிய உயரத்திலிருந்து நேரே ஆற்றலைக் கணக்கிடுவார்கள். பெல்லட்டிடம் இருந்தது 7.2 ஜூல், கட்டைக்குக் கிடைப்பது 0.0072 ஜூல். ஆயிரத்தில் ஒரு பங்கு! மற்றதெல்லாம் களிமண்ணைக் குழைப்பதிலும் சூடாக்குவதிலும் போய்விடுகிறது. மோதலில் மாறாமல் காக்கப்படுவது உந்தம்தான், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கி வருவது. முதலில் கட்டையின் வேகம், அதைக் கட்டையும் பெல்லட்டும் சேர்ந்த நிறையால் பெருக்கி, பெல்லட்டின் நிறையால் வகுத்தால் பெல்லட்டின் வேகம், கடைசியாகத்தான் ஆற்றல்.

உயரத்தை அளக்க முயலாதீர்கள், அது 1.5 மி.மீ. கூட இருக்காது. பக்கவாட்டில் நகர்ந்த தூரத்தை அளங்கள். இந்தக் கணக்கில் 5.4 செ.மீ. வரும், ஸ்கேலே போதும். அந்தத் தூரத்தை மீட்டரில் எழுதி, 9.8-ஐ நூலின் நீளத்தால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கட்டையின் வேகம். பெல்லட் புதையாமல் தெறித்தால் வேகம் கூடுதலாகத் தெரியும், துளைத்துக்கொண்டு போனால் குறைவாக. இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். கட்டைக்குப் பின்னால் கனமான தடுப்பு வேண்டும், எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.