பெர்ன் பேச்சுவழக்கில் பாடிய வழக்கறிஞர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வசிக்கும் யாழ்ப்பாணத்தவன். என் மகள் பள்ளியில், பெர்ன் வட்டார வழக்கில் பாடிய பாடகர் மானி மாட்டரின் பாடல்களைக் கற்றுவந்து வீட்டில் பாடுகிறாள். சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர் எழுத்து ஜெர்மனில், அதாவது ஜெர்மன் பேசுவோர் அனைவருக்கும் பொதுவான எழுத்துமொழியில், பாடியிருந்தால் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்திருப்பாரே. ஒரு வட்டார வழக்குக்குள்ளேயே ஏன் நின்றுகொண்டார்? அது அவருக்கு இழப்பில்லையா?

ப.

அன்புள்ள ப.,

வட்டார வழக்கு படிப்பறிவில்லாதவர்களுக்கு உரியது என்ற நம்மூர் எண்ணம் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. ஜெர்மன் பேசும் சுவிஸ் பகுதிகளில் பேராசிரியரும் கொத்தனாரும் ஒருபோல வழக்கிலேயே பேசுகிறார்கள் என்பதை அங்கு வாழும் நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். 1936இல் பிறந்து, 1969 முதல் பெர்ன் நகராட்சியின் சட்ட ஆலோசகராக இருந்த மாட்டருக்கு அது வீட்டிலும் அலுவலகத்திலும் புழங்கிய மொழி. அதில் பாட அவர் எங்கும் இறங்கி வரவேண்டியிருக்கவில்லை.

அவர் செய்த புதுமை வேறிடத்தில் இருக்கிறது. மலையையும் கிராமத்தையும் பழைய நாட்களையும் போற்றுவதற்கே பெரிதும் பயன்பட்டுவந்த வழக்கில், பிரெஞ்சுப் பாடகர் ஜார்ஜ் பிராசென்ஸிடமிருந்து பெற்ற உந்துதலோடு, ஒற்றை கிதாரை வைத்துக்கொண்டு அவர் தர்க்கம் பேசினார். தீக்குச்சிப் பாடலையே பாருங்கள். சிகரெட் பற்றவைக்கும்போது குச்சி கைநழுவிக் கம்பளத்தில் விழுகிறது. கம்பளத்தில் ஓட்டை விழுந்திருக்கலாம், வீடு எரிந்திருக்கலாம், தெருவில் கலகம் மூண்டு, அது போராகி, மனிதகுலமே அழிந்திருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், நல்லவேளை குச்சியை எடுத்துவிட்டேன் என்று முடிக்கிறார். வழக்கறிஞர் வாதத்தைக் கட்டும் அதே ஒழுங்கு, அடுப்படிப் பேச்சில் நிகழ்வதால்தான் சிரிப்பும் வருகிறது, சிரித்து முடித்ததும் அச்சமும் வருகிறது. மேடைத்தொனி கொண்ட எழுத்து ஜெர்மனில் இதே பாடல் பிரசங்கமாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். (மண்வாசனை என்ற பெயரில் நாம் கேட்டுச் சலித்த பாடல்களோடு இதை ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை.)

பாட்டை நம்பி அவர் பிழைக்கவில்லை என்பதும் முக்கியம். பகலில் கோப்புகள், மாலையில் சிறு அரங்குகள் என்று வாழ்ந்தவருக்குச் சந்தையின் அளவைப் பற்றிக் கவலைப்படும் தேவை இருக்கவில்லை. ஆனால் அந்த வாழ்வு நீளவில்லை: 1972 நவம்பர் 24 அன்று, ராப்பர்ஸ்வில் நகரில் பாடுவதற்காகக் காரோட்டிச் சென்றபோது நேர்ந்த விபத்தில் இறந்தார். வயது 36.

இழப்பு உண்டுதான். ஜெர்மனியின் பெருவாரியான கேட்பவர்களுக்கு அவருடைய வழக்கு எளிதில் புரிவதில்லை. எனினும் 1991இல், பிரெஞ்சிலும் பாடிப் புகழ்பெற்ற ஸ்டெஃபான் ஐஹர், மனிதர்களின் கூச்சத்தைப் பற்றிய மாட்டரின் பாடலைப் பெர்ன் வழக்கிலேயே தமது இசைத்தொகுப்பில் சேர்த்தார். ஜெர்மனே அறியாத பிரெஞ்சு ரசிகர்களும் அதைக் கேட்டார்கள்.