ஓ பாசிட்டிவ் என்றார்கள், இப்போது பாம்பே குரூப் என்கிறார்களே?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து எழுதறனுங்க. தங்கச்சிக்கு ஏழாம் மாசம். எல்லா ரிப்போர்ட்லயும் ஓ பாசிட்டிவ்னு இருந்துச்சு. இப்ப ஈரோட்டுல ரத்தம் பொருத்திப் பார்த்துட்டு பாம்பே குரூப்புன்னு சொல்றாங்க. அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்தானுங்க. இது நோயுங்களா? மாப்பிள்ளை ஓ பாசிட்டிவ். அவர் ரத்தம் குடுக்கலாமுங்களா?

பதில்: நோய் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் மாப்பிள்ளையின் ரத்தம் கூடவே கூடாது. இதை முதலில் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

சிவப்பணுவின் மேல் குட்டிக் குட்டிச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சர்க்கரையாக எடுத்துச் சேர்ப்பதற்கென்றே நொதிகள் உண்டு. கிளைகோசில்டிரான்ஸ்ஃபரேஸ் என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். முதலில் ஒரு நொதி ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை ஒட்டும். அப்படி உருவாவதுதான் ‘ஹெச்’. அதன்மேல் ஏ நொதி ஒரு சர்க்கரையைச் சேர்த்தால் ஏ குரூப். பி நொதி வேறொன்றைச் சேர்த்தால் பி குரூப். இரண்டுமே இல்லாமல் ஹெச் மட்டும் நின்றால் ஓ.

உங்கள் தங்கைக்குச் சிவப்பணுவில் அந்த முதல் நொதியே வேலை செய்யவில்லை. ஹெச் இல்லாததால், உள்ளே ஏ, பி நொதிகள் இருந்தாலும் சர்க்கரையை ஒட்ட இடமில்லை. அதனால்தான் சாதாரணச் சோதனையில் ஓ என்றே தெரிந்தது. 1952-ல் டாக்டர் பெண்டேயும் உடனிருந்தவர்களும் பம்பாயில் கண்டறிந்ததால் இந்தப் பெயர். ஓ ரத்தத்தை யாருக்கும் ஏற்றலாம் என்ற நம்பிக்கை இங்கேதான் உயிருக்கே உலை வைக்கும். ஓ ரத்தத்தில்தான் ஹெச் மிக அதிகம். தங்கையின் உடலிலோ ஹெச்சை எதிர்க்கும் பொருள் தயாராக இருக்கிறது. ஏற்றிய அணுக்கள் உடைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். பாம்பே குரூப் ரத்தம் மட்டுமே சேரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாப்பிள்ளையிடமிருந்து நல்ல ஹெச் மரபணு கிடைப்பதால், தங்கையிடம் மறைந்திருக்கும் ஏ அல்லது பி குழந்தையிடம் வெளிப்படலாம். ‘ரெண்டு பேரும் ஓ, பிள்ளைக்கு எப்படி பி?’ என்று யாரும் அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாது. பிறந்ததும் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருகிறதா என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இப்படி ஆகும். சொந்தத்தில் கட்டும்போது அதற்கு வாய்ப்பு கூடுதல். கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே ரத்தம் தேடும்போது முதலில் பார்க்கவேண்டியது உங்களைத்தான். நீங்களும் மற்றவர்களும் இந்த வாரமே ரத்த வங்கிக்குப் போய், ‘ஹெச் இருக்கிறதா என்று பாருங்கள்’ எனக் கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். பிரசவம் பார்க்கும் டாக்டரிடமும் ரத்த வங்கியிலும் தேதியை இப்போதே சொல்லி வையுங்கள். அப்புறம், தங்கை இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது.