டப்பாவும் தட்டும்: ஒரு கடிதம்

அக்காவுக்கு வணக்கம்.

இந்த ஜூனில் மகளைத் தனியார் பள்ளியிலிருந்து மாற்றி, அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். டீச்சர் அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் 2024-25இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டின் பள்ளிக்கல்விக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்ததைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. பணமில்லாத பள்ளியில் பிள்ளையை விட்டது சரிதானா? ஸ்மார்ட் போர்டு, நல்ல கழிப்பறை எல்லாம் வருமா? இன்னொன்று. அங்கே காலையும் மதியமும் சாப்பாடு உண்டு. எங்களுக்கு வசதி இருப்பதால் டப்பா கட்டிக் கொடுத்துவிடுகிறோம். இல்லாத பிள்ளைகளின் பங்கில் கைவைக்கக் கூடாது, இல்லையா?

ச., தர்மபுரி

தம்பிக்கு,

மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தீர்கள் என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷம். கடைசி வரிக்கு வந்ததும் கோபம் வந்துவிட்டது.

நிதியைப் பற்றி: ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்திய பணம் அது. பிள்ளைகளின் படிப்பைப் பிணையாக வைத்து நடத்துகிற பேரம் அநியாயம். ஆனால் அதற்காகப் பள்ளியை விட்டு ஓடாதீர்கள். கழிப்பறையைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் போய்க் கேளுங்கள். ஸ்மார்ட் போர்டு வரும்போது வரட்டும்.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக மனசில் கிடப்பது அதுதான்.

"இல்லாத பிள்ளைகளின் பங்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது அப்படி ஒரு பங்கு இருக்கிறதென்று? சாப்பிடுகிற தலையை எண்ணித்தான் அரிசி, பருப்பு, முட்டை எல்லாம். ஒன்றிய அரசின் கணக்கில் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் தானியம். உங்கள் மகள் உட்கார்ந்தால் அவளுடைய 100 கிராம் அவளோடு வருகிறது. பக்கத்துத் தட்டில் ஒரு பருக்கை குறையாது. சமையலுக்கு எத்தனை பேர் என்பதும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான். அந்தக் கணக்குப்படி 25 பிள்ளைகள் வரை ஒருவர், 100 வரை இருவர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளெல்லாம் ஒதுங்கிக்கொண்டால் அந்தச் சமையலறை சுருங்கத்தான் செய்யும். அதோடு, பெற்றவர்களில் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் எட்டிப் பார்க்காத அடுப்பில் அரிசி எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

1920இல், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், அங்கே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் என்று தொடங்கிய சாப்பாடு இது. 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர்., பிறகு கலைஞர் போட்ட முட்டை, 2022இல் காலை உணவு. காமராஜர் காலத்திலிருந்து ஆட்சி மாறினாலும் அடுப்பு அணையவில்லை. காலை உணவுக்கு யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை, தம்பி. அரசு கேட்காத சான்றிதழை நீங்கள் டப்பாவில் வைத்து அனுப்புகிறீர்கள்.

நானும் டப்பா கொண்டுபோன பிள்ளைதான். எங்கள் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு கடை. "நாம என்ன இல்லாதவங்களா?" என்று அம்மா தினமும் கட்டிக் கொடுப்பாள். காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் சார், "சாப்பாட்டுக்கு எத்தனை பேரு, கையத் தூக்குங்க" என்பார். பக்கத்தில் உட்காரும் பிள்ளை தினமும் தூக்குவாள். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். ஒரு நாள் அவள் பைக்குள் இருந்த அலுமினியத் தட்டைப் பார்த்து, "சத்துணவு வாடை அடிக்குது" என்று மூக்கைப் பிடித்தேன். எனக்கு எட்டு வயசு.

மறுநாள் அவள் கையைத் தூக்கவில்லை. "எங்கம்மா சோறு கொண்டு வருவாங்க" என்றாள். யாரும் வரவில்லை. மத்தியானம் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. சத்துணவு ஆயா எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியாது. "ஏ புள்ள, இந்தக் கரண்டியக் கழுவ ஆள் இல்ல, வா" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். டப்பா கழுவப் போனபோது பார்த்தேன். சமையலறைப் பின்வாசலில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆயா எங்கள் பக்கம் மறைத்து நின்றுகொண்டிருந்தார்.

அந்த வருஷம் முழுக்க அவள் வரிசையில் வந்து உட்காரவில்லை. நான் மன்னிப்பும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு அவளும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டாள்.

உங்கள் மகள் யாரையும் பார்த்து மூக்கைப் பிடிக்கிறவள் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வகுப்பில் இப்போது டப்பா வரிசை ஒன்றும் தட்டு வரிசை ஒன்றும் இருக்கிறது; அதில் ஒன்றை நீங்கள் போட்டிருக்கிறீர்கள். டாக்டர் ஏதாவது பத்தியம் சொல்லியிருந்தால் அது வேறு. இல்லையென்றால் திங்கட்கிழமை டப்பா வேண்டாம். ஒரு தட்டைக் கொடுத்து அனுப்புங்கள். டீச்சர் கேட்கும்போது கையைத் தூக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா