காப்பீட்டுச் சட்டம் மாறினால், மூட்டு மாற்று சிகிச்சை நடக்கும் இடமும் மாறுமா?

கேள்வி அமெரிக்காவைப் பற்றியது. அங்கே பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். என் பதில்: இடம் மாறத்தான் செய்கிறது. ஆனால் மக்களுக்கு இன்சூரன்ஸ் கார்டு கிடைப்பதைவிட, மருத்துவமனைக்குப் பணம் தரும் விதிதான் அதை அதிகம் மாற்றுகிறது.

நெஞ்சுவலி என்று ஓடினால், 1986-ம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவு முதலில் உங்களைக் கவனித்தாக வேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு அந்த உரிமை இல்லை. காப்பீடு இல்லாதவர் வலியோடு 65 வயது வரை காத்திருந்து, முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வந்த பிறகுதான் ஆபரேஷனுக்குப் போவார். 2006-ல் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமும் 2010-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டமும் இப்படிப்பட்ட பலருக்குக் காப்பீடு கொடுத்தன. (ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை இன்னும் பலருக்கு விரிவாக்குவதை 2012-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. டெக்சாஸ், புளோரிடா இன்னும் சேரவில்லை.)

சரி, கார்டு வந்ததும் நல்ல மருத்துவமனைக்குப் போய்விடலாமா? இந்த ஆபரேஷனை நிறையச் செய்யும் மருத்துவமனைகளில் சிக்கல்கள் குறைவு என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் மெடிகெய்டு தரும் கட்டணம் குறைவு என்பதால் பல எலும்பு மருத்துவர்கள் அந்த நோயாளிகளை எடுப்பதில்லை. எடுத்தாலும் தூரம், மொழி, கூட வர ஆள் எல்லாம் வேண்டும். அதனால் ஏழைகளை ஏற்கெனவே பார்த்துவந்த மருத்துவமனைக்கே பலரும் திரும்பப் போகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம்.

மெடிகேர் விதிகளைப் பாருங்கள். முழங்கால் மாற்றை மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்துதான் செய்யவேண்டும் என்ற நிபந்தனை 2018-ல் போனது, இடுப்புக்கு 2020-ல். முழங்காலை மருத்துவமனைக்கு வெளியே உள்ள தனி அறுவை சிகிச்சை மையங்களிலும் செய்ய அதே 2020-ல் அனுமதி வந்தது. காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு என்பது இன்று சாதாரணம். அதற்கு முன்பே, 2016-ல், டிஸ்சார்ஜுக்குப் பின் 90 நாள் செலவுக்கும் மருத்துவமனையே பொறுப்பு என்ற திட்டம் பல நகரங்களில் தொடங்கியது. அப்புறம், ஆபரேஷனுக்குப் பின் தங்கி உடற்பயிற்சி பெறும் மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்புவது குறைந்தது, நேரே வீட்டுக்கு அனுப்புவது கூடியது. வீட்டில் ஆள் இருப்பவர்களுக்கு இது நல்லதுதான். லிப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் மூதாட்டியை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சட்டம் எழுதுகிறவர்கள் அவரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், அந்த சர்ஜன் வருடத்துக்கு எத்தனை செய்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். மருத்துவமனை, சர்ஜன், மயக்க மருந்து தருபவர் மூவரும் உங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் (அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில்) இருக்கிறார்களா என்று தனித்தனியாக விசாரியுங்கள். பிசியோதெரபிக்கு எத்தனை முறை வரலாம் என்பதையும் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.