பழைய மரச் சமையலறை பொம்மை: பிரஷைக் கையில் எடுப்பதற்கு முன்பு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் குடியிருந்த ஒரு குடும்பத்தினர் வீடு மாறிச் செல்லும்போது, தங்கள் குழந்தை விளையாடிய மரச் சமையலறை செட்டைக் குறைந்த விலைக்கு எங்களுக்குக் கொடுத்தார்கள். அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஓவன், மேலே ஓர் அலமாரி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் இருக்கிறது. இடையில் யாரோ கதவுகளுக்குச் சிவப்பும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அது விளிம்புகளில் உரிகிறது. தொட்டிக்குக் கீழே உள்ள கதவு ஈரம் பட்டு உப்பியிருக்கிறது. மகளுக்கு மூன்றரை வயது. மகனுக்கு ஒரு வயது, கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறான். நன்றாகத் தேய்த்துவிட்டு, வீட்டில் மிச்சமிருக்கும் எனாமல் பெயிண்டை அடிக்கலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: புதிய பெயிண்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு, கதவில் ஏற்கெனவே இருக்கும் பெயிண்டைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தருவது உரிந்துகொண்டிருக்கும் அந்தச் சிவப்பும் மஞ்சளும்தான். வீட்டு உபயோகப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு வந்த எனாமல்கள் பலவற்றில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை ஆகியவற்றில், நிறத்துக்காகவே காரீயச் சேர்மங்களைக் கலந்தார்கள். குழந்தையின் உடலுக்குள் இவ்வளவு போனால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு காரீயத்துக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வளரும் மூளைக்கு அது செய்யும் கேட்டைப் பின்னால் சரிசெய்யவும் முடியாது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், பின்பலகையில் அந்த முத்திரை இருந்தால் தொழிற்சாலையில் அடித்த பூச்சைப் பற்றி ஓரளவு நிம்மதி கொள்ளலாம். அதன்மேல் யாரோ அடித்த வண்ணத்துக்கு அந்த முத்திரை பொறுப்பாகாது.

ஆகவே அதை உப்புத்தாள் கொண்டு தேய்க்கவே தேய்க்காதீர்கள். தேய்ப்பதால் கிளம்பும் தூள் தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். சூடு காட்டி உரித்தாலோ அந்த நச்சு புகையாகவே மூக்கில் ஏறும். வண்ணம் கதவுகளில் மட்டும்தான் என்கிறீர்கள். அப்படியானால் கதவுகளை முழுதாகக் கழற்றிக் கழித்துவிட்டு, புதிதாக அறுத்து மாட்டுவதே என் யோசனை. உப்பிய கதவு எப்படியும் உதவாது. அது பெரும்பாலும் எம்.டி.எஃப்., அதாவது மர நார்களைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகையாக இருக்கும். ஒரு முறை தண்ணீர் குடித்து உப்பிவிட்டால், எத்தனை நாள் காயவைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பிளைவுட் கடையில் 12 மி.மீ. துண்டுப் பலகை வாங்கி, பழைய கதவின் அளவைக் கொடுத்தால் அங்கேயே அறுத்துத் தந்துவிடுவார்கள். பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு குறைவாக வெளிவரும் இ-0 அல்லது இ-1 தரமா என்று கேட்டு வாங்குங்கள்.

புதிய கதவை மாட்டும்போது கீல் பக்கத்து இடைவெளியைக் கவனியுங்கள். சுண்டு விரல் நுழைந்து நசுங்குகிற அளவான 5 முதல் 12 மி.மீ. வரையிலான சந்துதான் ஆபத்தானது. அதைவிடக் குறுகலாகவோ, தாராளமாக அகலமாகவோ இருக்கும்படி கீலைப் பொருத்தச் சொல்லுங்கள். கதவை மூடி நிறுத்தச் சிறு காந்தங்கள் பதித்திருந்தால், அவை அசைகின்றனவா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். இரண்டு காந்தங்களைக் குழந்தை விழுங்கினால், அவை குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். அசையும் காந்தத்தைத் திரும்ப ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எடுத்துவிட்டு, திருப்பி மூடும் சாதாரண மரக்கட்டை ஒன்றை வைத்தால் போதும். அடுப்பில் விளக்கோ சத்தமோ வருகிற அமைப்பு இருந்தால், உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். ஸ்க்ரூ போட்டு மூடும் மூடி இல்லையென்றால் அந்த அமைப்பையே கழற்றிவிடுவது நல்லது. அடுப்புக் குமிழ்கள் கழன்று வரும் அளவில் இருந்தால், மகனுக்கு மூன்று வயது ஆகும்வரை அவையும் வேண்டாம்.

இனிப் பெயிண்ட். வீட்டில் மிச்சமிருக்கும் டப்பாவின் லேபிளில் காரீய அளவு 90-க்குள் என்று அச்சிட்டிருக்கவில்லை என்றால் அதை இதற்குத் தொடாதீர்கள். அச்சிட்டிருந்தாலும், தின்னர் கலந்து அடிக்கும் எனாமலின் நெடி வாரக்கணக்கில் அடங்காது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எனாமல் சின்ன டப்பாக்களிலேயே கிடைக்கிறது, அதுவே போதும். உழைப்பு முழுவதையும் விளிம்பில் காட்டுங்கள், ஏனென்றால் ஈரம் பலகைக்குள் நுழைவது அறுத்த விளிம்பு வழியாகத்தான். புதிய பிளைவுட்டின் விளிம்பை 120 எண் தாளால் தேய்த்து, பிரைமரை ஒரு கை பூசினால், முதல் பூச்சை மரம் அப்படியே உறிஞ்சிக்கொண்டு, நார்கள் எழுந்து, தடவினால் சொரசொரவென்று இருக்கும். காய்ந்த பிறகு 220 எண் தாளால் அந்தச் சொரசொரப்பை மட்டும் நீவி எடுத்துவிட்டு இரண்டாவது கை பூசுங்கள். இப்போது விளிம்பும் முகப்பும் ஒரே வழுவழுப்பாக இருக்கும். அதற்குமேல் மெல்லிய பூச்சாக இரண்டு கை வண்ணம் போதும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் கதவை உடனே மூடிவிடாதீர்கள். அக்ரிலிக் பெயிண்ட் மேலே காய்ந்த பிறகும் உள்ளே இறுகப் பல நாள் எடுக்கும். அதற்குள் மூடினால் கதவும் சட்டமும் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயிண்ட் பிய்ந்து வரும். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள்; தடம் விழாத நாளில்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். அடைமழைக் காலத்தில் அந்த நாள் இன்னும் தள்ளிப்போகும்.

வண்ணம் படாத சட்டத்தைச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தாலே போதும். கடைசியாக, ஒரு மீட்டர் உயரமுள்ள அலமாரியில் மூன்றரை வயதுக் குழந்தை ஏறிப் பார்க்கத்தான் செய்யும். இரண்டு எல் கிளாம்ப் போட்டு அதைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது பெயிண்ட் இல்லாத வெறும் ரப்பர் மரச் செட். சில இடங்களில் குண்டூசித் தலை அளவு துளைகளும், அடியில் மாவு போன்ற தூளும் தெரிகின்றன. சரிசெய்து மெருகேற்ற முடியுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி, உளுத்துப்போகச் செய்யும் வண்டுக்கு அது பிடித்தமான மரம். துளை இருப்பதாலேயே வண்டு உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. தூளைத் துடைத்துவிட்டு, துளைகளைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு, கீழே கறுப்புக் காகிதம் விரித்துச் சில வாரம் பாருங்கள். புதிய தூளோ புதிய துளையோ தோன்றினால், அந்தப் பலகையை மட்டும் மாற்றிவிடுவதுதான் சரி. மண்ணெண்ணெயோ பூச்சி மருந்தோ ஊற்றுவது மேசைக்கு வேண்டுமானால் ஆகலாம், குழந்தை கடிக்கக்கூடிய பொருளுக்கு ஆகாது. குமிழ், கரண்டி போன்ற சிறு துண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளே இருக்கும் புழு செத்துவிடும்.

மெருகுக்கு என் தேர்வு அரக்குதான். அரக்குச் சீவலை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் மெல்ல மெல்லத் தேய்த்து ஏற்றுங்கள். ஸ்பிரிட் முழுவதும் பறந்த பிறகு மிஞ்சுவது, மாத்திரைகளுக்கு மேல்பூச்சாகவும் பயன்படும் அதே பொருள். அதற்கு ஆகாதவை சூடும் ஆல்கஹாலும். கை சானிடைசர் கொண்டு துடைத்தால் மெருகு கரைந்து பிசுபிசுக்கும். ஆளி விதை எண்ணெயை விரும்பினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடித்த நிகழ்வுகள் உண்டு.

கேள்வி: செட்டில் இருக்கும் ஓவனை என்ன செய்வது? எங்கள் வீட்டில் ஓவனே இல்லை.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கதவை எடுத்துவிட்டு, அதைப் பாத்திரம் அடுக்கும் திறந்த தட்டாக ஆக்கிவிடுங்கள். அம்மா சமைக்கும் மேடையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் குழந்தை தேடும். உங்களுக்குப் பக்கத்து அம்பாசமுத்திரத்திலேயே மரக்கடைசல் சொப்புகள் கிடைக்கின்றன. சுழலும் மரத்தின்மேல் அரக்கு வண்ணக் கட்டியை அழுத்தும்போது, உரசும் சூட்டில் அது உருகி மரத்தோடு படிந்துவிடுவதால் எளிதில் உரியாது. வண்ணத்துக்கு எதைக் கலக்கிறார்கள் என்று கடையில் விசாரித்து வாங்குங்கள், மிகச் சிறிய சொப்புகளை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தராதீர்கள்.